உள்ளே விட்ட துணி

அத்தியாயம் 11

ஒரு வாரமாக அழுதுகொண்டிருந்த சுன்னிவா, இந்தச் சனிக்கிழமை காலையில் அழவில்லை. காபி போட்டாள், மேசையைத் துடைத்தாள், கேட்டதற்கெல்லாம் "சரிம்மா" என்றாள். பதினாலு வயதுப் பெண் எல்லாவற்றுக்கும் சரி சொன்னால் பெற்றவள் சும்மா இருக்க முடியுமா? அவள் அம்மா ரக்னா காபியை ஆறவிட்டு மகளையே கவனித்தாள்.

நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோவிலில் சுன்னிவாவுக்குத் திடப்படுத்தல், ஞானஸ்நானத்தைப் பிள்ளை தன் வாயால் உறுதிசெய்யும் நாள். அன்றைக்கு உடுத்திக்கொள்ள அவளுடைய பாட்டி, அதாவது ரக்னாவின் அம்மா போர்கில், இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து கையாலேயே ஒரு பூனாட், நார்வேக்காரர்களின் பரம்பரை விசேஷ உடை, தைத்து வைத்திருந்தாள். கருநீலக் கம்பளியில் பாவாடை, அதே துணியில் கையில்லாத மேல்சட்டை, மார்பின் இரண்டு பக்கமும் பூ வேலை. தைத்து முடித்த கையோடு பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போனாள். இந்த ஜனவரியில் அங்கிருந்தே போய்ச் சேர்ந்தாள்.

போன சனிக்கிழமை பெட்டியைத் திறந்து உடுத்திப் பார்த்தார்கள். பாவாடை ஒருவழியாகச் சரிக்கட்டியது. இடுப்புக் கொக்கியை நகர்த்தி, அடி மடிப்பை முழுக்க இறக்கியதில் உயரத்துக்கு வந்துவிட்டது. மேல்சட்டைதான் மானத்தை வாங்கியது. முன்பக்கக் கொக்கிகளில் ஒன்றுகூட எட்டவில்லை. நடுவில் மூன்று விரல் இடைவெளி. சுன்னிவா கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே அழுதாள். பக்கத்தில் நின்ற பெந்தே அத்தை, அதாவது ரக்னாவின் அண்ணன் ஐவினுடைய மனைவி, "ஒரு நல்ல கவுனா வாங்கிக் குடுத்துரு ரக்னா. இந்தக் காலத்துல பூனாட்தான் போடணும்னு என்ன சட்டமா?" என்றாள்.

"எங்கம்மா தைச்சது. நானே பிரிச்சு விடறேன்" என்று ரக்னா வாயை விட்டுவிட்டாள்.

ரக்னாவுக்குச் சட்டைப் பொத்தான் தைக்கவே வராது என்பது அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவள் கணவன் யோஸ்தைன் தன் பொத்தான்களைத் தானே தைத்துக்கொள்கிறவன்.

வாரம் முழுக்க ரக்னாவுக்கு அக்கரைக்குப் போகும் ஃபெரிப் படகின் சிற்றுண்டிக் கடையில் வேலை. இன்றுதான் விடுமுறை. யோஸ்தைன் நாளைய விருந்துக்கு மேசை நாற்காலி போட ஊர் மண்டபத்துக்குப் போயிருந்தான். ரக்னா மேல்சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிச் சமையலறை மேசையில் வைத்து, விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

சுன்னிவா குளிர்ப்பெட்டியிலிருந்து லெஃப்ஸே பொட்டலங்களை எடுத்து வெளியே அடுக்கினாள். வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்த மெல்லிய ரொட்டிகள். போர்கில் பாட்டி இல்லத்துக்குப் போகுமுன் சுட்டு உறைய வைத்த கடைசி லெஃப்ஸேக்கள் அவை.

"அம்மா, நாளைக்கு வர்றவங்ககிட்ட இது செத்துப்போனவங்க செஞ்சதுன்னு சொல்லுவியா?"

"எதுக்குச் சொல்லணும்?"

"நல்லாருக்கே, யார் செஞ்சதுன்னு கேப்பாங்களே."

"பாட்டி செஞ்சாங்கன்னு சொல்லு. எப்பன்னு கேட்டாத்தானே வம்பு."

சுன்னிவா லேசாகச் சிரித்தாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. ஆனால் உடைந்து விழுந்த ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனவள், போட்டுக்கொள்ளாமல் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டாள். ரக்னா அதைப் பார்த்தாள். ஒரு வாரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடது பக்கத் தையலில் கத்தரி நுனியை நுழைத்தாள்.

அம்மாவின் தையலை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே கிடையாது. பார்க்கக்கூடாது என்றே வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்புக்கென்று அவள் தைத்த ஒரு பையை, அம்மா இரவோடு இரவாகப் பிரித்து முழுக்கத் தானே தைத்துக் கொடுத்துவிட்டாள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "உங்கம்மாவுக்கு நல்ல மார்க் போட்டிருக்கேன்" என்றார். அதோடு ஊசியைத் தூக்கிப்போட்டவள்தான் ரக்னா. பதினாலு வயதில் பூனாட் வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டு, அந்த வசந்தம் முழுக்க அம்மாவோடு பேசாமல் இருந்து, காரியத்தைச் சாதித்துக்கொண்டாள். இன்றைக்கும் அவளுக்கென்று ஒரு பூனாட் கிடையாது.

இப்போது அம்மா தைத்ததைத் தான் பிரிப்பது அவளுக்குக் கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருந்தது.

தையல் அக்குள் பக்கத்தில் பொடிப்பொடியாக, ஒரே அளவாக ஓடியது. நடுவில் கொஞ்ச தூரம் நீண்டு சாய்ந்திருந்தது. அங்கே விரல் வலித்திருக்க வேண்டும். அம்மாவுக்கு அப்போதே கட்டைவிரல் மூட்டு வீங்கியிருந்தது. பிறகு மறுபடி பொடித் தையல், முன்னைவிட நெருக்கமாக. வலித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு தைத்திருப்பாள். ரக்னாவுக்கு அந்தத் திட்டு காதில் கேட்டது. செத்து நாலு மாதம் ஆகியும் வராத அழுகை, இந்த நூலைப் பிரிக்கும்போதா வர வேண்டும்?

"அம்மா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லை. துணியப் பாரு."

தையலுக்கு உள்ளே தாராளமாக இரண்டு விரல் துணி மடங்கிக் கிடந்தது. வளர்கிற பெண் என்று பார்த்து விட்ட துணி. பிரித்து விட்டால் இடது பக்கமே பாதிக்கு மேல் ஈடுகட்டிவிடும். வலது பக்கமும் இதே அளவு இருக்கும். மூன்று விரல் என்ன, நாலு விரலே கிடைக்கும்.

ரக்னா உற்சாகமாக மேல்சட்டையை வலது பக்கம் திருப்பினாள். கத்தரியை வைக்கப் போனவள் அப்படியே நிறுத்தினாள்.

"சுன்னிவா, உன் கண்ணு நல்ல கண்ணு. இங்க வந்து பாரு."

சுன்னிவா குனிந்தாள். "இது மெஷின் தையல்மா."

"பாட்டி பூனாட மெஷின்ல தைப்பாங்களா?"

"பாட்டியா? மெஷின் திரைச்சீலைக்கும் தலையணை உறைக்கும்னு சொல்லுவாங்க. ஒருதடவை பொம்மைக்குப் பூனாட் தைக்க நான் மெஷின் கேட்டேன். குடுக்கலை."

கைத்தையல் இருந்த தடம் அரை விரல் தள்ளி, ஊசித் துளைகளாக மட்டும் தெரிந்தது. அதற்கு உள்ளே தள்ளி யாரோ புதிதாக மெஷினை ஓட்டிச் சிறிதாக்கியிருந்தார்கள். அதுகூடப் போகட்டும், பிரித்துவிடலாம். உள்ளே விட்ட துணியைக் காணோம். பழைய துளைகளை ஒட்டி நறுக்கி, ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு தையல் போட்டு முடித்திருந்தார்கள்.

பூனாடின் உள்துணியை யாரும் வெட்ட மாட்டார்கள். அந்தக் கடற்கரையில் தவழ்கிற குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. பதினாலு வயதில் போட ஆரம்பிக்கிறாள், கல்யாணம் ஆகிறது, பிள்ளை பெறுகிறாள், பெருக்கிறாள், இளைக்கிறாள். எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டியது அந்த உள்துணிதான்.

சுன்னிவா அந்தத் தையலை விரலால் தடவினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் குண்டாகலையா?"

ரக்னாவுக்குச் சுரீர் என்றது. மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நீ கோல்கீப்பர். உன் தோள் அகலமாயிருக்கு. அகலமாத்தான் இருக்கணும். மீதியெல்லாம் இந்தத் தையல். இத எவளோ செஞ்சிருக்கா."

"எவ?"

எவள் என்று ரக்னாவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா இல்லத்துக்குப் போன நாளிலிருந்து போன வாரம்வரை பூனாட் இருந்த இந்தப் பெட்டி அக்கரையில் ஐவினுடைய வீட்டு மேல்மாடியில் இருந்தது. ஐவினுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அந்த வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறவள் ஒருத்திதான்.

அவள் மேல்சட்டையைத் தலையணை உறைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு கோட்டை மாட்டினாள்.

"ஃபோன் பண்ணிக் கேளேன்மா."

"ஃபோன்ல கேட்டா எனக்கென்ன தெரியும்னு சொல்லிருவா. முகத்தப் பாத்துக் கேக்கணும். நீ லெஃப்ஸேய மூடி வை, காய்ஞ்சு போயிரும்."

ஃபெரியில் அன்று அவளுக்குப் பதிலாகக் கல்லில் ஸ்வேலே என்ற தடித்த இனிப்பு அப்பம் வார்த்துக்கொண்டிருந்த பெண், "லீவு நாள்லகூட எங்கள விட மாட்டியா?" என்று கேட்டுவிட்டு, சூடாக ஒன்றை மடித்துக் கொடுத்தாள். ரக்னா கையில் வாங்கினாளே தவிர தின்னவில்லை. மேல்தட்டில் காற்றில் நின்றுகொண்டு, பெந்தேயிடம் கேட்க வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். முதலில் நீளமாக வந்தது. அக்கரை நெருங்க நெருங்கக் குறைந்தது.

பெந்தேயின் சமையலறையில் பாதாம் வாசனை தூக்கியது. நாளைய விருந்துக்குக் கேக் செய்யும் பொறுப்பு அவளுடையது. பெரிய வளையம் அடியில், சின்ன வளையம் உச்சியில் என்று பாதாம் வளையங்களை அடுக்கி, சர்க்கரைப் பாகால் ஒட்டி, கோபுரமாக எழுப்பிக்கொண்டிருந்தாள். பெந்தே குள்ளம். கோபுரத்துக்காக ஒரு முக்காலி மேல் ஏறி நின்றிருந்தாள்.

"நல்லவேளை வந்தே ரக்னா. இந்த வளையத்தக் கொஞ்சம் பிடி, சாயுது."

ரக்னா பிடிக்கவில்லை. மேல்சட்டையை எடுத்து, மாவு சிந்தாத இடமாகப் பார்த்து, உள்பக்கம் தெரிய விரித்தாள்.

பெந்தே ஒருமுறை பார்த்தாள். மறுபடி கேக் பக்கம் திரும்பிச் சர்க்கரைக் கோடு இழுத்தாள். கோடு வளைந்தது.

"என்ன இது?"

"உனக்குத் தெரியும்."

"சுன்னிவாவோட மேல்சட்டை."

"வலப்பக்கத் தையலப் பாரு."

"நான் கண்ணாடி போடலை."

"போட்டுக்கோ. நான் நிக்கிறேன்."

பெந்தே கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. முக்காலியை விட்டு இறங்கிக் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"ஒரே ஒரு நாள்" என்றாள் கடைசியில். "போன வருஷம் மே பதினேழு, தேசிய நாள். பெர்கன்ல எங்க அக்கா வீட்டுக்குப் போனோம்ல, அன்னிக்கு. அங்க ஊர்வலத்துல எல்லாப் பொண்ணும் பூனாட்ல வருவா. எம் பொண்ணு ஒருத்தி மட்டும் மழைக்கோட்டுல நிக்கறதா? தீரில் ஒல்லி, இது தொளதொளன்னு இருந்துச்சு. ஒரு பக்கம் மட்டும் பிடிச்சேன்."

"பிடிச்சது சரி. ஏன் வெட்டினே?"

"கைய இறக்கினா உள்ள உறுத்துதுன்னா. கொஞ்சம் நறுக்கினா யாருக்குத் தெரியப்போவுதுன்னு நெனச்சேன்."

"பூனாட்ல யாராவது உள்துணிய வெட்டுவாங்களா பெந்தே?"

"மாட்டாங்க." பெந்தேயின் குரல் இறங்கியது. "வெட்டின நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. ஒட்டவா முடியும்? அப்படியே மடிச்சு வெச்சுட்டேன்."

ரக்னா ஃபெரியில் சொல்லிப் பார்த்ததில் எதுவும் இப்போது வரவில்லை. வேறொன்று வந்தது.

"அதுகூடப் பரவால்ல. போன வாரம் எம் பொண்ணு கண்ணாடி முன்னால நின்னு அழுதா. நீ பக்கத்துலயே நின்னே. காரணம் தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். கவுன் வாங்கச் சொன்னியே தவிர, வாயத் திறந்தியா? ஒரு வாரமா அவ சரியாச் சாப்பிடலை. தட்ட வெச்சா ஓரத்துக்குத் தள்ளறா. தன் உடம்புதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

பெந்தே நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தொடரில் இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்தவள் இல்லை அவள்.

"உங்கம்மா தைச்சுக் குடுத்திருந்தா நான் ஏன் அடுத்தவ பெட்டியத் திறக்கறேன்? எனக்குக் கல்யாணத்துக்குத் தைச்சாங்க. சுன்னிவா பொறந்த அன்னிக்கே இவளுக்கு நான் தைப்பேன்னு சொன்னாங்க. நடுவுல எம் பொண்ணு ஒருத்தி இருக்காளா இல்லையா? அவ திடப்படுத்தலுக்குக் கடைக் கவுன்ல நின்னா. நீயும்தான் முன்வரிசையில உக்காந்து பாத்தே. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

ரக்னா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது. பெந்தேக்கு நாகரிகம் ஜாஸ்தி, கடைக் கவுன் அவள் ஆசையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"நான் கேட்டேன்" என்றாள் பெந்தே. "உங்கம்மாகிட்ட நேராவே கேட்டேன். 'இப்ப முடியாது பெந்தே'ன்னு சொல்லிட்டுப் பின்னல் ஊசிய எடுத்துக்கிட்டாங்க. முகத்தக்கூடப் பாக்கலை. நானும் அதோட விட்டேன். இல்லத்துக்கு ஐவின் போவான், தீரில் போவா. நான் ஒருநாள் போகலை. கடைசிவரைக்கும் போகலை."

ரக்னாவுக்கு அது தெரியும். சோம்பல் என்று நினைத்திருந்தாள். இது வேறு கணக்கு. ஆனால் இன்றைக்கு அவளிடம் இருந்தது ஒரு பகல்தான்.

"அத அப்புறம் பேசலாம். நான் பேசத்தான் போறேன், விட மாட்டேன். இன்னிக்கு எனக்கு மூணு விரல் துணி வேணும். இதே நீலம்."

"துணிக்கடை மூணு மணிவரைக்கும்..."

"கடை நீலம் வேற நீலம். இத நெய்த ஆலைய மூடியே எத்தனை வருஷமாச்சு. சுன்னிவா பாவாடை மடிப்ப முழுக்க இறக்கியாச்சு. அம்மாவ அவங்க பூனாட்லயே வெச்சு அடக்கம் பண்ணியாச்சு. எனக்கு ஒண்ணும் கிடையாது. அம்மா ஒரே கட்டுத் துணிய வாங்கி வெச்சுக்கிட்டுத்தான் எல்லாருக்கும் வெட்டினாங்க. அந்தத் துணி இன்னும் ஒரு எடத்துலதான் இருக்கு."

பெந்தேக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"என் பாவாடைல கத்தரி வெக்கணுங்கறியா?"

"அடி மடிப்புல. உள்ள போற துணிதான். வெளில தெரியாது."

"உங்கம்மா எனக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான் ரக்னா."

"எம் பொண்ணுக்கு அவங்க கடைசியாச் செஞ்சது இது."

கோபுரத்திலிருந்து ஒரு வளையம் மெல்லச் சாய்ந்து மேசையில் விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"முடியாதுன்னா சொல்லிரு" என்றாள் ரக்னா. "நாளைக்குக் கோவில் வாசல்ல சுன்னிவா கடைக் கவுன்ல நிப்பா. பாட்டி தைச்சது என்னாச்சுன்னு ஊரே கேக்கும். நான் பொய் சொல்ல மாட்டேன்."

"மிரட்டறியா?"

"ஆமா."

பெந்தே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து மாடிப்படி ஏறினாள்.

பாவாடையை அவளே கொண்டுவந்தாள். அவளே விரித்துப் போட்டாள். ரக்னா கத்தரி நுனியால் அடி மடிப்பைக் கொஞ்சம் பிரித்தாள். மடிப்புக்குள் துணி, அதற்குள் இன்னொரு மடிப்பு, அதற்குள்ளும் துணி. இழுக்க இழுக்க வந்தது. ஒரு சாண் வந்த பிறகுதான் ஓரம் தென்பட்டது.

"இவ்வளவு எதுக்கு?" என்றாள் பெந்தே. "கல்யாணத்தப்ப எனக்கு இருபத்தாறு வயசு. அதுக்கு மேல நான் வளரப்போறேனா?"

ரக்னா அந்தத் துணியைக் கையால் நீவிப் பார்த்தாள். அம்மா துணியை வீணாக்குகிற ஆளே இல்லை. வெட்டி விழுகிற துண்டில்கூட ஊசி குத்தி வைக்கச் சின்னத் தலையணை தைத்துவிடுவாள்.

"உனக்காக விடலை. ஐவின் என்ன உயரம்? அவனுக்குப் பொறக்கற பொண்ணு உன்னவிட உயரமா இருப்பான்னு அம்மா கணக்குப் போட்டிருக்காங்க. இறக்கிவிட்டா தீரிலுக்குச் சரியா வரும்."

பெந்தே குனிந்து அந்த மடிப்பின் தையலைத் தொட்டுப் பார்த்தாள். தீரில் பிறப்பதற்குப் பல வருஷம் முன்னால் போட்ட தையல் அது.

காலையிலிருந்து தயங்காத ரக்னாவின் கை இப்போது தயங்கியது. அடித்துப் பிடுங்க வந்தது இதையா? ஆனாலும் கத்தரியைக் கீழே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்ற மகளின் முகம் போகமாட்டேன் என்றது. பாவாடையைச் சுற்றித் திருப்பினாள், பின்பக்கத்துக் கொசுவங்களை விரித்துப் பார்த்தாள்.

"இங்க எடுக்கலாம். பின்னால, கொசுவத்துக்குள்ள போற எடம். அப்புறம் எப்பவாவது இத இறக்கினாலும் வேற துணிய வெச்சு ஒட்டுப் போட்டுரலாம். மடிப்பு மறைச்சிரும். தீரிலுக்கு ஒண்ணும் குறையாது."

"நெசமாவா?"

"எனக்குத் தைக்கத் தெரியாது. ஆனா கண்ணு இருக்கு."

"கத்தரியக் குடு" என்றாள் பெந்தே. "நானே வெட்டறேன்."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாக்கட்டியால் கோடு போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். இந்தத் தடவை கோடு நேராக இருந்தது.

அதற்குப் பிறகு அந்தச் சமையலறையில் பேச்சு குறைந்து வேலை நடந்தது. பெந்தே மெஷின் தையலைப் பிரித்தாள். ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்த்தாள். புதுத் துண்டை அக்குளுக்குக் கீழே வைத்துக் குண்டூசி குத்திக் கொடுத்தாள். "மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டிரட்டுமா, பத்து நிமிஷம்" என்று பழக்க தோஷத்தில் கேட்டாள். ரக்னா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

ரக்னா இரண்டு பக்கமும் கையால் தைத்தாள். ஊசி நாலு தடவை விரலில் ஏறியது. ஒரு தையல் குட்டை, ஒரு தையல் நெட்டை. அம்மாவின் தையலுக்குப் பக்கத்தில் அது பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் இழுத்துப் பார்த்தாள், பிய்யவில்லை. அம்மா இருந்தால் இன்று இரவே பிரித்து மறுபடி தைத்திருப்பாள். ரக்னாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பிரிக்க இப்போது ஆளில்லை. அவள் நூலை முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தாள்.

ரக்னா ஃபோன் பண்ணிக் கூப்பிட, மாலை ஃபெரியில் சுன்னிவா வந்தாள். வாசலிலேயே நின்றாள். அத்தையைப் பார்ப்பதா, அம்மாவைப் பார்ப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பெந்தேதான் முதலில் பேசினாள்.

"உன் மேல்சட்டைய நான்தான் சின்னதாக்கினேன். வெட்டினதும் நான்தான். போன வாரமே சொல்லியிருக்கணும். உன்ன அழவிட்டுட்டு நின்னேன். தப்பு என்னோடது, உன் உடம்போடது இல்லை."

சுன்னிவா யோசித்தாள். "கொஞ்சம் பெரிசாத்தான் ஆயிட்டேன் அத்தை. பரவால்ல."

வெள்ளை ரவிக்கை மேல் மேல்சட்டையை மாட்டினார்கள். ரக்னா கீழிருந்து கொக்கிகளைப் போட்டாள். முதல் கொக்கி ஏறியது. இரண்டாவது ஏறியது. மார்புக்கு நேராக இருந்ததை மெல்ல இழுத்தாள். அதுவும் ஏறியது. கடைசிக் கொக்கியைச் சுன்னிவா தானே போட்டுக்கொண்டாள்.

"மூச்சு விட முடியுதா?"

"விடலாம்." சுன்னிவா கையைத் தூக்கி, பந்து பிடிப்பது மாதிரி இரண்டு பக்கமும் பாய்ந்து பார்த்தாள். "கத்தவும் செய்யலாம்." பிறகு மேசையில் விழுந்து கிடந்த பாதாம் வளையத்தை எடுத்து, யாரையும் கேட்காமல், பாதியைக் கடித்துத் தின்றாள். ரக்னாவுக்கு அந்தக் கடி போதும். நாளைக்குப் போதகர் என்ன சொன்னாலும், யார் வந்தாலும் வராவிட்டாலும், அவளுடைய விசேஷம் அந்தச் சமையலறையிலேயே முடிந்துவிட்டது.

பெந்தேயின் மகள் தீரில் எப்போது வந்தாளோ, வேலை முடிந்து வந்த கோட்டோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள். பதினேழு வயது, அப்பாவைப் போல நெடுநெடு உயரம். மேசையில் பிரித்துக் கிடந்த அம்மாவின் பாவாடையைப் பார்த்தாள். சுன்னிவாவின் அக்குளில் இருந்த புதுத் துண்டைப் பார்த்தாள்.

"அழகா இருக்கே சுன்னிவா" என்றாள்.

பெந்தே மூக்கை உறிஞ்சினாள். "உனக்கும் அவங்க ஒண்ணு தைச்சிருந்தா நாளைக்கு ரெண்டு பேரும் ஜோடியா நிக்கலாம். நான் இல்லத்துக்குப் போகாம இருந்ததுக்கும் காரணம் இருந்திருக்காது. அவங்க மனசுல என்ன இருந்துச்சோ, கேக்க ஆளில்லை."

தீரிலின் முகம் மாறியது.

"நீ பாட்டியப் பாக்கப் போகாதது அதுக்காகவா?"

"பின்ன வேற எதுக்கு?"

"உனக்கு வேலை ஜாஸ்தின்னுல்ல நான் பாட்டிகிட்டச் சொல்லிட்டு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க, பெந்தே வரலையான்னு." தீரில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, பாட்டி என்னை அளவெடுக்கக் கூப்பிட்டாங்க. நான்தான் எனக்கு வேண்டாம்னு சொன்னேன்."

பெந்தே மேசையில் கிடந்த தன் பாவாடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ அதுக்குள்ள எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தே, எம் பொண்ணுக்கும் வருதுன்னு. எனக்குப் பயமா இருந்துச்சு. அம்மாகிட்டச் சொல்லிராதீங்க பாட்டின்னேன். அதுக்குப் பாட்டி, ரக்னாவும் இப்படித்தான் சொன்னா, அப்ப நான் கத்தித் தீத்தேன், உன்கிட்டக் கத்த மாட்டேன்னாங்க. சொல்லவும் மாட்டேன்னாங்க." அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "சொல்லவே இல்லையா?"

ரக்னா கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தைப் பார்க்காமல் பின்னல் ஊசியை எடுத்துக்கொண்ட அம்மா. பேத்திக்குக் கொடுத்த வாக்குக்காக, மருமகள் வராத நாட்களையெல்லாம் வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்ட அம்மா. பதினாலு வயது ரக்னாவிடம் தோற்றதை இத்தனை வருஷம் நினைவில் வைத்திருந்தாள். அடுத்தவளிடம் அதே தப்பைச் செய்யாமல் இருந்திருக்கிறாள்.

பெந்தே அடுப்பை அணைத்தாள். ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கோட்டை எடுத்தாள்.

"உங்க கரைக்கு அடுத்த ஃபெரி எப்ப ரக்னா?"

"இருக்கு. எங்க போறே? கேக் பாதியில நிக்குது."

"நிக்கட்டும். அடக்கத்தன்னிக்குப் பின்னால நின்னுட்டு வந்தவ நான். நாளைக்குக் கோவிலுக்கு வரணும்னா முதல்ல அவங்க கல்லறைக்குப் போயிட்டுத்தான் வரணும்."

தீரில் வழியை விடவில்லை. "நானும் வரேன். ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு போற வழியில சொல்றேன். ஆனா நீ திட்டக் கூடாது."

"வா" என்றாள் பெந்தே, கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே. "திட்டற நிலைமையில நான் இல்லை."